கடலை, அரைத் தேக்கரண்டி

ஜூன் 2, திங்கள்

என் மனைவி வேணி வேலை பார்க்கும் வங்கியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முதல் தேதியில் 'காலை ஐந்து மணிக்கு நடை' என்று எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் ஐந்து மாதம் வெள்ளைத் தாள். இன்றுதான் இதற்கு வேலை வந்திருக்கிறது.

மகள் நிறைமதிக்கு நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் எஸ்தரிடம் கொண்டுபோனோம். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் தடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதினார். முட்டை, கடலை, பால், கோதுமை, மீன், எள், முந்திரி. எனக்குக் கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல் ஞாபகம் வந்தது.

"இதெல்லாம் ஒவ்வாமை வரக்கூடிய சாப்பாடு. ஒவ்வொண்ணா ஆரம்பிங்க" என்றார்.

"ஒவ்வாமை வரும்னா எதுக்கு டாக்டர் குடுக்கணும்?" என்று கேட்டேன். இருபது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன். ஒரு வாக்கியத்தில் ஓட்டை இருந்தால் விரலை விடாமல் இருக்க முடியாது.

"கரப்பான் இருக்க பிள்ளைக்குத்தான் சார் சீக்கிரம் குடுக்கணும். தள்ளிப் போடப் போட ஒவ்வாமை வர வாய்ப்பு கூடும். மொத நாள் விரல் நுனி அளவு. ரெண்டு மணி நேரம் பாருங்க. ஒத்துக்கிட்டா அளவைக் கூட்டுங்க, அப்புறம் விடாம குடுங்க. காலையில குடுங்க, பிள்ளை நல்லா இருக்கும்போது குடுங்க. கடலைய முழுசா குடுத்துராதீங்க, பொடிச்சுக் கஞ்சியில கலக்கணும். என்ன, எவ்வளவு, என்ன ஆச்சுன்னு எழுதி வைங்க."

எழுதி வைக்க வேண்டும் என்றதும் வேணி என்னைப் பார்த்தாள். பிரசவ விடுப்பு முடிந்து நாளை அவளுக்கு வங்கி தொடங்குகிறது. என் ஆபீஸ் வீட்டு முன்னறைதான், எதிரே சார்பதிவாளர் அலுவலகம். ஆக, மேற்படி குழந்தைக்கு மேற்படி உணவுகளை ஊட்டும் முழுப் பொறுப்பும் பவுன்ராஜ் ஆகிய என் தலையில் எழுதிக் கொடுக்கப்பட்டது. சாட்சிகள் டாக்டரும் ஒரு நர்ஸும்.

சமையலறையில் மாதக் காலண்டர் மாட்டியாகிவிட்டது. டாக்டருக்கு உரியது அதன் கட்டத்தில். கட்டத்தில் அடங்காதது இங்கே.

ஜூன் 4, புதன்

முட்டை. பன்னிரண்டு நிமிடம் வேகவைத்தது. மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து மசித்து விரல் நுனி அளவு.

9.40 கொடுத்தேன். 9.41 முகம் சுளித்தாள். அது அலர்ஜி இல்லை, என் சமையல். 9.45 ஒன்றும் இல்லை. 9.50 தும்மினாள், எனக்கு வியர்த்தது. 10.05 எதிர் அலுவலகத்திலிருந்து கட்சிக்காரர் கூப்பிட்டார், வர முடியாது என்றேன். 10.10 அவரே வந்து, "எம்மவனுக்கு எட்டு மாசத்துல ஆட்டுக் குடலே குடுத்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். 11.40 வரை ஒன்றும் இல்லை. நான் மட்டும் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

முட்டை, கால் தேக்கரண்டி. பாதிப்பு இல்லை. தந்தைக்கு லேசான தலைவலி.

ஜூன் 7, சனி

இதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. ஊருக்கே தெரிந்துவிட்டது.

காலையில் முட்டை அரைத் தேக்கரண்டி. வேணி சனிக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு விடுதலைப் பத்திரத்தை அச்செடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் நிறைமதியின் வாயைச் சுற்றிச் சிவப்பு. மோவாயிலும் சிவப்பு. கழுத்தில்கூட.

அக்கா "ஏ தம்பி, தம்பி" என்று ஏதோ சொல்ல வந்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. பிள்ளையைத் தூக்கினேன், மிச்ச முட்டையை ஒரு டப்பாவில் போட்டேன், ஆட்டோவை நிறுத்தினேன். கட்டியிருந்தது கைலி, மேலே சட்டை, பித்தான் ஒன்று தள்ளிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே "முட்டை! முட்டை!" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நர்ஸ் ஈரப் பஞ்சை எடுத்து ஒரு துடை துடைத்தார். வியாதி பஞ்சோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தார்.

"சார், இது தக்காளிச் சட்னி."

அக்கா இட்லி தின்றுகொண்டிருந்த தட்டில் பிள்ளை கையை விட்டிருக்கிறது. அவர் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். வராந்தாவில் காய்ச்சல், இருமல் என்று உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், "அந்த டப்பாவுல என்ன சார்?" என்று கேட்டார். முட்டை என்று சொன்னேன். அவரும் சிரித்தார்.

ஜூன் 8, ஞாயிறு

வேணி நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சிரிக்கிறாள். கூடப் பிறந்த அக்காவுக்குப் போன் போட்டுத் திண்டிவனம் வரை சிரிப்பை அனுப்பிவிட்டாள்.

நானும் சிரித்தேன். ஆனால் ஆட்டோவில் அந்தப் பத்து நிமிடம் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே போனேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வந்தவள். அதைச் சொன்னால் வேணியும் அழுவாள் என்று சொல்லவில்லை.

அடுத்தது கடலை.

ஜூன் 10, செவ்வாய்

கோவில்பட்டியில் பிறந்து கடலைக்குப் பயந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் கடலை மிட்டாய், ஏறினால் கடலை மிட்டாய். தெருவில் காற்றடித்தாலே வறுத்த வாசம். சின்ன வயதில் கால்சட்டைப் பையில் கடலை இல்லாமல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை.

வேணி ஊரில் இந்த நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஒரு வாடகை ஒப்பந்தம் எழுத என்னிடம் முதன்முதலில் வந்தபோது, மேசையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்து "மல்லாட்டையா?" என்று கேட்டாள். எனக்கு அது ஏதோ சண்டைக்காரன் பெயர் மாதிரி இருந்தது. அன்று சிரிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. கல்யாணமே அந்தச் சிரிப்பில்தான் வந்தது.

பாக்கியத்தாய் அக்காவிடம் நாளைக்குக் கடலை கொடுக்கப்போகிறோம் என்றேன். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கரப்பான் இருக்க பிள்ளைக்குக் கடலையா? கத்திரிக்காய், கருவாடு, கடலை மூணும் ஆகவே ஆகாது தம்பி. உடம்பெல்லாம் பொங்கிரும். டாக்டரம்மா படிச்சவுக. நமக்கு எதுக்கு வம்பு?"

டாக்டர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னேன். கேட்டவருக்கு நம்பிக்கை வந்ததா என்று தெரியவில்லை. சொன்னவனுக்கு வரவில்லை.

ஜூன் 11, புதன்

வேணி நேற்றே கடலை வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்துச் சலித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கிளம்பும்போது, "இன்னாங்க, மல்லாட்டைப் பொடி மேல் தட்டுல இருக்கு. மறக்காம குடுங்க. விரல் நுனிதான்" என்றாள்.

9.30க்குக் கஞ்சி ஆற்றினேன். டப்பாவைத் திறந்தேன். பொடி பதமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாய் போட்டுக்கொண்டேன். நன்றாக இருந்தது. பிள்ளை வாயைத் திறந்தது. கடலை விஷயமாக நான் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது.

சட்னிக்கு வாங்கிய பொரிகடலை, அதாவது பொட்டுக்கடலை, இருந்தது. மிக்சியில் ஒரு சுற்று.

காலண்டர் கட்டத்தில்: கடலை. விரல் நுனி அளவு. பாதிப்பு இல்லை.

ஜூன் 12, வியாழன்

கடலை. கால் தேக்கரண்டி. பாதிப்பு இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கடலை. அரைத் தேக்கரண்டி. பாதிப்பு இல்லை. பிள்ளைக்குக் கஞ்சி ரொம்பப் பிடித்திருக்கிறது. இன்னும் கேட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

வேணி வீட்டில் இருந்ததால் நான் ஐந்தரைக்கே எழுந்து கஞ்சியைக் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் எழுதிய தீர்மானம் ஜூனில் நிறைவேறியது.

"மல்லாட்டை குடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"கடலை குடுத்தாச்சு" என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. கொண்டைக்கடலை கடலை. பட்டாணிக்கடலை கடலை. பொரிகடலையும் கடலைதான். பத்திரத்தில் 'தோட்டம்' என்று எழுதினால் தென்னந்தோட்டமா வாழைத்தோட்டமா என்று எதிர்க்கட்சிதான் கேட்க வேண்டும். கேட்காதது எழுதியவன் குற்றம் ஆகாது.

ஜூன் 17, செவ்வாய்

கடலை. அரைத் தேக்கரண்டி. பாதிப்பு இல்லை. எனக்கு மூக்கில் ஒரு பரு வந்திருக்கிறது. டப்பாவில் பொடி குறைந்தால்தான் கணக்கு ஒக்கும், அதனால் தினமும் கொஞ்சம் குறைகிறது.

ஜூன் 18, புதன்

"பொரிகடலை அதுக்குள்ள தீந்துபோச்சா? நாம எங்க சட்னி அரைச்சோம்?" என்று வேணி கேட்டாள்.

எலி என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

பத்தாவது தடவை. வேணி காலண்டரைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். டாக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, 'அருமை! அடுத்து மீன் ஆரம்பிக்கலாம்' என்று பதில் போட்டார். வேணி என் தலைமுடியைக் கலைத்துவிட்டு, "பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன், கெட்டிக்காரரா இருக்கீங்களே" என்றாள்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கடலைப்பொடி வயிற்றில் கனக்கிறது போலிருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து உண்மையான கடலையை விரல் நுனி அளவில் தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மீன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். தொடையில் ஊசி போட்டார்கள். இப்போது தூங்குகிறாள், மூச்சு சீராக இருக்கிறது.

மீன் என்றுதான் டாக்டர் சொல்கிறார். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 23, திங்கள்

நேற்று எழுதியதை இன்று முழுதாக எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து வரும் சீலா மீன் வாங்கி வந்து, முள் எடுத்து, ஆவியில் வேகவைத்தேன். நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வேணி, "தெனம் நீங்கதான் ஊட்டுறீங்க, இன்னைக்கு நான்" என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். மீன் ஒரு துளி ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் என்ன ஊட்டினாள் என்று நான் பார்க்கவில்லை.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேணி கூப்பிட்ட குரலில் 'இன்னாங்க' இல்லை, வெறும் சத்தம். பிள்ளையின் உதடு வீங்கியிருந்தது. கண் இமை தடித்து மூடிக்கொண்டது. வயிற்றிலும் முதுகிலும் திட்டுத்திட்டாக வீக்கம். இரண்டு தடவை வாந்தி. அழுகை கரகரத்து, மூச்சு இழுத்தது. இந்தத் தடவை பஞ்சால் துடைத்தால் போகாது என்று எனக்குத் தெரிந்தது.

ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் இழுப்பு அடங்கியது. அப்புறம்தான் டாக்டர் எஸ்தர், "என்ன சாப்பிட்டா? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டார்.

வேணி சொன்னாள். "கஞ்சி டாக்டர். அதுல ரெண்டு ஸ்பூன் மல்லாட்டைப் பொடி. அப்புறம் மீன், ஒரே ஒரு துளி."

"கடலை ஏற்கெனவே குடுத்துட்டு இருக்கீங்க, இல்ல?"

"பத்து நாள் குடுத்தாச்சு. ஒண்ணும் ஆகல."

"அப்ப மீன்தான். மீனை நிறுத்துங்க. மூணு நாளைக்குப் புதுசா எதுவும் வேண்டாம், ஒத்துக்கிட்டத மட்டும் குடுங்க. கடலைய மட்டும் விட்டுராதீங்க. பழகினத விட்டா அதுக்கும் ஒவ்வாமை வந்துரும்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு சொல் போதும். வேணி என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள், அவளை விலக்கிவிட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதற்கு மேல் ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

ராத்திரி அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு இன்று காலையில் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த டப்பாவைக் கழிவறையில் கொட்டினேன். வேணியிடம், ஈரம் பட்டுப் பூசணம் பிடித்துவிட்டது என்றேன். பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்து முன்னறைக்குப் போனேன். கழுகுமலைக்காரர் ஒருவருக்குத் தானப் பத்திரம் அடிக்க வேண்டியிருந்தது.

கடலை வறுக்கும் வாசம் வந்தது. இந்த ஊரில் அது எப்போதும் வரும். நான் நான்கெல்லையை அடித்துக்கொண்டிருந்தேன். வடக்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை என்று அடிக்கும்போது மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. அது என் வீட்டு மிக்சி.

கழுகுமலைக்காரர் அப்படியே உட்கார்ந்திருக்க நான் உள்ளே ஓடினேன். வேணி விடுப்பில் இருந்தாள். பிள்ளை அவள் மடியில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. கரண்டி வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கஞ்சி என் சட்டையில் கொட்டியது.

"வேணாம்."

"இன்னா வேணாம்? வுடாம குடுக்கச் சொன்னாங்களே."

"கடலை வேணாம் வேணி."

"பத்து நாளா சாப்பிட்டதுதானே? இன்னா ஆச்சு உங்களுக்கு? கைய வுடுங்க."

"அது மல்லாட்டை இல்ல."

அந்தச் சொல்லைக் கிண்டல் இல்லாமல் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "பொரிகடலை. பத்து நாளும் பொரிகடலைதான் குடுத்தேன். மல்லாட்டைய நாந்தான் தின்னேன். நேத்துதான் பிள்ளைக்கு மொத தடவை."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரில் காலண்டரைப் பார்த்தாள். "கடலைன்னு எழுதி இருக்கு" என்றாள்.

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். உலகத்தில் எந்த முட்டாளும் அந்த நேரத்தில் சொல்ல மாட்டான். "பொரிகடலையும் கடலைதானே" என்றேன்.

"ஆமா" என்றாள் வேணி. "அப்ப நீ பொய் சொல்லல."

ஒன்பது வருடத்தில் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

"புள்ளைக்கு மூச்சு இழுத்துது. டாக்டர் கேட்டாங்க. பழகினதான்னு கேட்டாங்க. நீ பக்கத்துல நின்னுகினு தலையாட்டின."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தரையைத் துடைத்தேன், மிக்சியைக் கழுவினேன், வீட்டில் இருந்த கடலை மொத்தத்தையும் வெளியேற்றினேன். கழுகுமலைக்காரர் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். உள்ளே போனதும் வேணி, "இவரு ஒண்ணு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொன்னேன். எந்தத் தேதியில் என்ன கொடுத்தேன், யார் தின்றது, எலி உட்பட. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து மறுபடியும் குடுத்திருந்தா?" என்று என்னைக் கேட்டார். "ரெண்டாவது தடவ மொதத் தடவ மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது சார்."

கடலையா மீனா என்று உறுதிப்படுத்த ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். பிள்ளை ஊசிக்கு அழுதபோது என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. அவளுக்கு விஷயம் தெரியாது.

எழுந்திருக்கும்போது வேணி கேட்டாள். "டாக்டர், மொத நாளே, நீங்க சொன்ன மாதிரி விரல் நுனி அளவு குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நிச்சயமா சொல்ல முடியாதும்மா. பெரும்பாலும் வாயச் சுத்தி நாலு தடிப்பு வந்திருக்கும். கடலை ஆகாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் பயந்தேன். அவளுக்கு இது இவ்வளவு பெரிதாக வந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம். வெளியே வந்து ஆட்டோ பிடிக்கும்வரை நான் அழுதேன். வேணி பார்த்துவிட்டுப் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஜூன் 26, வியாழன்

பாக்கியத்தாய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்பார் என்று தயாராக இருந்தேன். "நான் ஒரு வார்த்த சொன்னேன்னா நீ இப்படியா தம்பி பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டில் இருந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூன் 28, சனி

காலண்டரைத் திருத்தினேன். பத்திரத்தில் தப்பான சொல்லைச் சுரண்டி அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுத வேண்டும். பத்துக் கட்டத்திலும் 'கடலை'யை அடித்துவிட்டு 'பொரிகடலை' என்று எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துப் போட்டேன். ஊர் ஓரமாக இருக்கும் ஒரு புஞ்சைக்குக்கூட நான் இவ்வளவு கவனமாகத் திருத்தம் போட்டதில்லை.

வேணி தண்ணீர் குடிக்க வந்தபோது பார்த்தாள். சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

மதுரையிலிருந்து முடிவு வந்தது. கடலை ஆகாது, நன்றாகவே ஆகாது. மீனில் ஒன்றும் இல்லை.

கடலை மிட்டாய் ஊரில் கடலை ஆகாத பிள்ளை. இனி எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தத் திருவிழாவுக்குப் போனாலும், யார் எதை நீட்டினாலும் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். வளர வளரச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், வருடா வருடம் பார்ப்போம் என்றார் டாக்டர். மீனை இந்த வாரமே மறுபடியும் தொடங்கச் சொன்னார், விரல் நுனியிலிருந்து. மறுபடியும் ஒவ்வாமை வந்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும் என்று எல்லாவற்றையும் வேணி தன் கையெழுத்தில் தனித் தாளில் எழுதிக்கொண்டாள். என்னிடம் பேனா கேட்டாள். பத்து நாளில் என்னிடம் அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்.

ஜூலை 3, வியாழன்

"நாளைக்கு மீன் குடுங்க" என்றாள் வேணி. 'நீங்க' திரும்பி வந்திருந்தது. சந்தோஷப்பட இடம் கொடுக்கவில்லை.

"நீ லீவு போடலையா? நீ இருக்கும்போது குடுக்கலாமே."

"லீவு தீந்துபோச்சு. மீன் முடிஞ்சா எள்ளு, அப்புறம் முந்திரி. ஒவ்வொண்ணுக்கும் நான் உக்காந்துகினு இருக்க முடியுமா?" துணி மடித்துக்கொண்டே பேசினாள். "நம்பிக்கையாலதான் வுட்டுட்டுப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. வேற ஆளு இல்ல. அதனாலதான்."

சரி என்றேன். அதைவிட நியாயமான நிபந்தனை எந்தப் பத்திரத்திலும் நான் எழுதியதில்லை.

ஜூலை 4, வெள்ளி

சீலா மீன். முள் எடுத்தது. ஆவியில் வெந்தது. விரல் நுனி அளவு. கொடுத்தது நான். தின்றது நிறைமதி.

9.35க்குக் கொடுத்தேன். பிள்ளை மீன் கிண்ணத்தில் கையை விட்டு, அதே கையை வாயில் வைத்து, என் கன்னத்திலும் பூசினாள். 11.35 வரை கதிர்வேல் பத்திரம், கந்தையா பத்திரம் எதுவும் தொடவில்லை. அவளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பாதிப்பு இல்லை. வேணி தன் கையெழுத்தில் எழுதிய தாளை முப்பது தடவையாவது படித்திருப்பேன். வங்கியிலிருந்து போன் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஆறு மணிக்கு வேணி வந்தாள். காலண்டர் கட்டத்தை நிரப்பிவிட்டு, அவள் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அவள் காலண்டர் பக்கம் போகவே இல்லை. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. நேராகப் பிள்ளையிடம் போனாள். மூடியிருந்த சின்னக் கையை விரல் விரலாகப் பிரித்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"மீனுதான்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

இன்னொரு கையையும் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.